பல்வங்கர் பாலு – தலைமை கிடைக்காத தலைவர்

நம் கல்லூரி மைதானத்தில் அன்று ஓடியாடிய நண்பர்களுக்கும், இன்று ஓடியாடும் தம்பி தங்கைகளுக்கும் இம்மலரின் வாயிலாக ஒரு மாமனிதரை அறிமுகம் செய்ய விரும்புகிறேன். கிரிக்கெட் என்றதும் கவாஸ்கர், கபில்தேவ், டெண்டுல்கர் என்று கடகடவென்று பெயர் சொல்லுவோம். பல்வங்கர் பாலு என்றால்? யாருங்க அது என்று கேட்போம். ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னோடி அவர்தான்.

1876-இல் தார்வாடில் பிறந்தவர் பாலு. தோல் தொழில் செய்யும் குலம். அன்றைய சமுதாயம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்த குலம். தந்தைக்குப் பூனாவில் ராணுவத்தில் வேலை. பையனுக்கோ பார்சிகளின் கிரிக்கெட் மன்றத்தில் தரையைப் பெருக்கி, உருளை இழுக்கும் வேலை. மாதச் சம்பளம் 3 ரூபாய்! பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் ஒரு ரூபாய் அதிகம் கிடைத்தது. அங்கே வலைப் பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து வீசும் வேலையும் சேர்ந்துகொண்டது. கிரெய்க் என்ற பேர்பெற்ற ஆட்டக்காரருக்கு மணிக்கணக்கில் வீசி வீசியே, இடது கை சுழற்பந்தில் பாலு கைதேர்ந்தார். ஆனால் மட்டையை மட்டும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைகளின் வேலையாம்!

பூனா இந்துக்களுக்கு வெள்ளையரை வெல்ல ஒரு பந்து வீச்சாளர் தேவைப்பட்டார். சேர்ப்பதா வேண்டாமா என்ற தகராறுக்குப் பிறகு பாலுவைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட அதே பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததோ இல்லையோ, அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளையில் தேநீர்! தோலைத் தொடுகிறவன் தீட்டு. தோலால் செய்த பந்து தீட்டில்லை. என்ன நியாயம் இது? சேர்ந்து விளையாடுகிறவர்கள் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்று நீதிபதி ரானடே போன்ற பெரியவர்கள் எடுத்துரைத்தார்கள்.

1896-இல் பிளேக் நோய் பரவவே, பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கே இந்து ஜிம்கானா அணிக்கு ஆடினார். 1906-இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியபோது, தம்பி சிவராமும் உடன் ஆடினார். 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பல ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட்டுகளைச் சாய்த்துவிட்டுத் திரும்பினார். இளைஞர் அம்பேத்கருக்கு அவர் ஒரு கதாநாயகனாகவே விளங்கினார்.

இவ்வளவு சாதித்தும் இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி அவருக்குத் தரப்படவில்லை. ஆண்டுதோறும் உயர்சாதிக்காரர் ஒருவரே தலைவர். 1920-இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் இனி பொறுப்பதில்லை என்று அணியை விட்டு விலகினார்கள். பத்திரிகைகளில் பெரிய விவாதமே கிளம்பியது. வேறு வழியின்றி பாலுவைத் துணைத் தலைவராக்கினார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அண்ணனுக்குத் திறக்காத கதவு 1923-இல் தம்பி விட்டலுக்குத் திறந்தது. அவர் தலைமையில் இந்துக்கள் வெற்றியும் கண்டார்கள்.

பிற்காலத்தில் பாலு அரசியலில் இறங்கினார். 1932-இல் தேர்தல் தொகுதி விஷயத்தில், நம் சென்னை எம்.சி. ராஜாவைப் போலவே கூட்டுத் தொகுதியை ஆதரித்து, அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். பூனா ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்தும் உண்டு. 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்று, சுமார் இரண்டாயிரம் வாக்குகளில் தோற்றார். தன்னைப் போற்றிய இளைஞரோடே மோத நேர்ந்தது காலத்தின் கோலம்தான். 1955 ஜூலையில் பாலு மறைந்தார்.

விளையாட்டு சாதியை ஒழித்துவிடும் என்று மேடையில் சுலபமாகப் பேசிவிடுகிறோம். தானாக ஒழிக்காது, நண்பர்களே. பாலுவின் விரல்கள் விக்கெட்டுகளைத்தான் வீழ்த்தின. மண்குவளையை மாற்றவும், தலைமையைக் கேட்டு வாங்கவும் மனிதர்கள் வாய் திறந்து பேச வேண்டியிருந்தது. மாணவச் செல்வங்களே, நாளைக் காலை மைதானத்துக்குப் போகும்போது, சுண்ணாம்புக் கோடு போட்டு, உருளை இழுப்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் வீட்டுப் பிள்ளை விளையாட ஆசைப்பட்டால், பந்தோடு மட்டையையும் சேர்த்துக் கொடுங்கள்.