முக்கோணத்தை நம்பிய மனிதர்

சென்ற பொங்கல் விழாவுக்காக நம் விடுதி முற்றத்தில் நாம் கட்டிய மூங்கில் குவிமாடம் முதல் நாள் சரிந்து படுத்துக் கொண்டதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான் அல்லவா? அப்போது எனக்குத் துணையாயிருந்தது ஒரு மனிதரின் வரலாறு.

அவர் பெயர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 1895-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் மில்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். பிறவியிலேயே பார்வைக் குறைவு. நான்கு வயதில் கண்ணாடி அணியும் வரை உலகம் அவருக்கு வெறும் நிழலாகவே தெரிந்தது. மழலையர் பள்ளியில் பட்டாணியும் குச்சியும் கொடுத்து வீடு கட்டச் சொன்னார்களாம். மற்றப் பிள்ளைகள் தாம் கண்ட வீடுகளைப் போலச் சதுரமாகக் கட்டினர். இவரோ கையால் தடவித் தடவி, அசையாமல் நிற்கும் வடிவத்தைத் தேடினார். கிடைத்தது முக்கோணம்!

ஹார்வர்டு பல்கலைக் கழகம் அவரை ஒரு முறையல்ல, இரு முறை வெளியேற்றியது. 1917-இல் ஆன் ஹியூலெட் என்னும் நங்கையை மணந்தார். மூத்த மகள் அலெக்சாண்ட்ரா நான்கு வயது நிறையுமுன் 1922-இல் நோயால் இறந்தாள். குளிர் புகும் வீடும் அதற்கு ஒரு காரணமோ என்று தந்தையின் நெஞ்சு உறுத்தியது. 1927-இல், மாமனாருடன் சேர்ந்து தொடங்கிய கட்டடப் பொருள் கம்பெனியில் இருந்த வேலையும் போயிற்று. வீட்டிலோ அவ்வாண்டு பிறந்த இரண்டாம் குழந்தை. மிச்சிகன் ஏரிக் கரையில் உயிரை விடத் துணிந்து நின்றதாகப் பின்னாளில் அவரே கூறினார். அதை நம்பாத ஆய்வாளரும் உண்டு. எப்படியாயினும், குறைந்த பொருளில் உறுதியான வீடு என்னும் எண்ணம் அதன்பின் அவரை விட்டு அகலவில்லை.

நான்கு கழிகளைச் சதுரமாகக் கட்டித் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். மூன்று கழிகளின் முக்கோணம், கழி முறிந்தாலன்றிச் சாயாது. இருபது முக்கோணங்களால் ஆன ஒரு திண்மத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் சிறு முக்கோணங்களாகப் பிரித்து, முனைகளை ஒரு கோளத்தின் மேல் நிறுத்தினால் அதுவே ஜியோடெசிக் குவிமாடம். ஜெர்மனியின் ஜெனா நகரில் வால்ட்டர் பவர்ஸ்ஃபெல்டு என்னும் பொறியாளர் 1920-களிலேயே இத்தகைய கூரையைக் கட்டியிருந்தார். ஆனால் இதை உலகெங்கும் பரப்பியவர் ஃபுல்லரே.

1948-இல் பிளாக் மவுண்டன் கல்லூரியில் மாணவர்களுடன் அவர் எழுப்ப முயன்ற பெரிய குவிமாடம் எழவே இல்லை! ஜன்னல் மறைப்புக்கான மெல்லிய பட்டைகள் பாரம் தாங்காமல் தரையிலேயே கிடந்தன. அவர் நாணி ஒதுங்கவில்லை. மறு ஆண்டே அலுமினியக் குழாய்களால் 14 அடிக் குவிமாடம் அமைத்து, மாணவர்களை அதில் தொங்கவிட்டு அதன் வலிமையைக் காட்டினார். 1954-இல் காப்புரிமை கிடைத்தது. 1956-இல் காபூல் கண்காட்சிக்கு 100 அடிக் குவிமாடம் விமானத்தில் சென்றது. முனைகளில் பூசிய வண்ணங்களைப் பொருத்தியே ஆப்கானியத் தொழிலாளர் 48 மணி நேரத்தில் அதை எழுப்பினர். 1967-இல் மான்ட்ரியால் நகரில் எழுந்தது 76 மீட்டர் விட்டமுள்ள கோளம். 1976-இல் அதன் பிளாஸ்டிக் போர்வை தீக்கிரையாயிற்று; எஃகுக் கூடு மட்டும் அசையாது நின்றது.

1969-இல் புது டில்லிக்கு வந்து நேரு நினைவுச் சொற்பொழிவும் ஆற்றினார். 1983 ஜூலை 1-ஆம் நாள், நினைவிழந்து கிடந்த மனைவியைக் காணச் சென்ற இடத்தில் மாரடைப்பால் மறைந்தார். ஒன்றரை நாளில் அவ்வம்மையாரும் மறைந்தார். 1985-இல் அறுபது கரி அணுக்கள் கோளமாய்க் கூடிய மூலக்கூறு ஒன்று கண்டறியப்பட்டது. பட்டம் பெறாத அந்த மாணவரின் பெயரையே விஞ்ஞானிகள் அதற்குச் சூட்டினர்.

நம் பிழை என்ன? அரைக்கோளத்துக்கு 65 கழிகள் தேவை. ஆரம் 150 சென்டிமீட்டர் என்றால் முனைக்கு முனை 92.7 சென்டிமீட்டர் உள்ளவை 35. 82 சென்டிமீட்டர் உள்ளவை 30. ஐந்து கழிகள் கூடும் ஆறு முனைகளிலும் குட்டைக் கழிகளே வரவேண்டும். நாம் இரண்டையும் கலந்து கட்டிவிட்டோம். மறுநாள் காபூலை நினைத்து, நெட்டைக்குச் சிவப்பும் குட்டைக்கு நீலமும் பூசினோம். மாலைக்குள் மாடம் நின்றது. அதன் கீழேதான் பொங்கல் பொங்கிற்று.

தேர்வில் தவறியவரும், சோதனை பொய்த்தவரும் நம்மிடையே உண்டு. நண்பர்களே, விழுந்ததைக் கண்டு கலங்க வேண்டா. எந்தக் கழி எங்கே மாறிற்று என்று தேடுவோம்.