வண்ணம் ஆய்ந்த வல்லுநர்

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்தோடும் திருவரங்கத் தீவில் திருவானைக்கா என்னும் ஊர் உள்ளது. காவிரிக்குத் தென்பால் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை நிமிர்ந்து நிற்கும். அத்திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள், சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மையாருக்கும் மகனாகச் சர் சி. வி. இராமன் தோன்றினார்.

அதே ஆண்டில், பிராகு நகரிலிருந்த ரைனிட்சர் என்னும் தாவரநூல் அறிஞர், காரட்டுக் கிழங்கிலிருந்து பிரித்த பொருளினின்று ஆக்கிய சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். அஃது ஏறத்தாழ 145 பாகையில் உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று. 178 பாகையைக் கடந்த பின்னரே தெளிந்தது. நீர்போல் ஓடுதலும் படிகம்போல் ஒழுங்குற அமைதலும் ஒருங்கே உடைய அந்நிலை, பின்னர் நீர்மப் படிகம் எனப் பெயர் பெற்றது. அத்துறைக்கும் இராமன் குடும்பத்திற்கும் தொடர்பு ஏற்படுமென அன்று எவரும் அறியார்.

இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டே அரசாங்க நிதித்துறையில் உயர்பதவி ஏற்றுக் கல்கத்தா சென்றார். பகலில் கணக்கு, காலையிலும் மாலையிலும் அறிவியல் ஆய்வு. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. ஊதியம் குறைவு, ஆயினும் அவர் பெரும்பதவியைத் துறந்து ஆய்வையே தேர்ந்தார்.

1921இல் கடற்பயணம் சென்றபோது கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அது வானத்தின் நிழலன்று. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதும் அதற்குக் காரணம் எனக் காட்டினார். அவ்வாய்வே 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவாகக் கனிந்தது. 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது.

புகழ் வந்த பின்னும் அவர் ஓய்ந்திலர். 1933இல் பெங்களூர் சென்று, சிப்பியின் ஒளிர்வையும் பறவை இறகின் வண்ணத்தையும் ஆராய்ந்தார். மயிற்பீலியைப் பொடியாக்கினால் அதன் நீலம் மறையும். ஏனெனில் அந்நீலம் சாயத்தால் வந்ததன்று. நுண்ணிய அமைப்பின் ஒழுங்கால் வந்தது. முதுமையில் மலர்களின் நிறத்தை ஆய்ந்த அப்பெருமகனார், 1970 நவம்பர் 21இல் மறைந்தார்.

அவர் 1948இல் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில், அவருடன் பிறந்த அம்மையாரின் மைந்தரும் மாணவருமாகிய சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1971இல் நீர்மப் படிக ஆய்வுக்கூடம் அமைத்தார். தட்டு வடிவ மூலக்கூறுகளும் நீர்மப் படிகமாகும் என்பதை அவர் குழுவினர் 1977இல் உலகிற்கு அறிவித்தனர்.

இன்று அறிஞர்கள் பருத்தியிலும் மரத்திலும் உள்ள செல்லுலோசை அமிலத்தால் பிரித்து, நானோ அளவான நுண்கோல்களாக்குகின்றனர். நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அக்கோல்கள் நீரில் தாமே சுழற்படிபோல் அடுக்குற்று நீர்மப் படிகமாகின்றன. நீர் உலர்ந்தபின் எஞ்சும் மெல்லிய படலம், சாயம் சிறிதுமின்றிப் பல நிறம் காட்டி மிளிர்கின்றது.

கிழங்கிலும் பஞ்சிலும் இத்தகைய விந்தை பொதிந்திருந்தது. கடலையும் சிப்பியையும் எல்லாரும் காண்கின்றனர். ஏன் இந்நிறம் என்று வினவியவர் இராமன். அவ்வினாவிற்காகவே அவர் பெரும்பொருளைத் துறந்தார். மாணவர்கள் அவரிடம் கற்கவேண்டுவது அதுவேயாம்.