பூவுக்காக வாழ்ந்தார்... பேர் நின்னது புல்லுல! - ஜெர்மன் தோட்டக்காரர் கார்ல் ஃபோர்ஸ்டரின் கதை

பூந்தொட்டியில புல் முளைச்சா என்ன பண்ணுவோம்? யோசிக்கவே மாட்டோம். பிடுங்கித் தூக்கிப் போட்டுட்டு, ரோஜாவுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடுவோம். ஆனா, காசு கொடுத்து புல்லை வாங்கி, அதுக்குன்னு பெரிய தொட்டி வெச்சு வளர்க்கிறவங்க உலகம் முழுக்க இருக்காங்க.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பூங்கா, அலுவலக வாசல், சாலை நடுவே இருக்கும் தடுப்பு என்று பல இடங்களில் ஒரு புல்லைப் பார்க்கலாம். நெஞ்சு உயரத்துக்கு நேராக நிமிர்ந்து நிற்கும். கோடையில் இளஞ்சிவப்புச் சாயலோடு வரும் கதிர், போகப்போக கோதுமை நிறத்துக்கு மாறும். காற்றடித்தால் மொத்தமாகச் சாய்ந்து, மறுபடி நிமிரும். அந்தப் புல்லின் பெயர் 'கார்ல் ஃபோர்ஸ்டர்'. அது ஒரு மனிதரின் பெயர். 96 வயது வரை வாழ்ந்து, சுமார் 370 புதிய செடி ரகங்களை உருவாக்கிய ஒரு நர்சரிக்காரரின் பெயர்.

நட்சத்திரம் பார்த்த அப்பா... மண்ணைப் பார்த்த மகன்!

1874 மார்ச் 9-ம் தேதி பெர்லினில் பிறந்தார் கார்ல். அப்பா வில்ஹெல்ம் ஃபோர்ஸ்டர், பெர்லின் வானியல் ஆய்வகத்தின் இயக்குநர். ஜெர்மனியில் பேர் தெரிந்த விஞ்ஞானி. கார்ல் வளர்ந்ததே அந்த ஆய்வக வளாகத்தில்தான். அண்ணன் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் பின்னாளில் தத்துவப் பேராசிரியர் ஆனார். இப்படிப் படிப்பாளிகள் நிறைந்த குடும்பத்தில், ஒரு பையன் மட்டும் தோட்டவேலை கத்துக்கப் போனான். ஷ்வெரின் நகர அரண்மனைத் தோட்டத்தில் பயிற்சி, போட்ஸ்டாமில் தோட்டக்கலைப் படிப்பு, பிறகு இத்தாலிவரை போய் வேலை என்று அவரின் இளமை ஓடியது.

1903-ல் அவருக்கு 29 வயது. சொந்தமாக நர்சரி ஆரம்பிக்கணும். ஆனா, இடம்? பெர்லினின் வெஸ்ட்எண்ட் பகுதியில் அப்பா அம்மா இருந்த வீட்டு நிலத்திலேயே வேலையைத் தொடங்கினார். முப்பதை நெருங்கும் வயசுல அப்பா வீட்டுல இருந்து பிசினஸ் ஆரம்பிக்கிறது இன்னிக்கு மட்டும் நடக்குற விஷயம் இல்லை பாஸ்!

கழித்துக் கட்டும் கலை

அந்தக் காலத்து ஐரோப்பியப் பணக்காரத் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. கண்ணாடிக் கூடத்தில் செடிகளை வளர்த்து, பூக்கும் நேரத்தில் கொண்டுவந்து கம்பளம் விரித்ததுபோல நடுவார்கள். பூ முடிந்ததும் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த செட் வைப்பார்கள். அதற்குப் பணமும் வேண்டும், ஆளும் வேண்டும்.

ஃபோர்ஸ்டர் யோசித்தது வேறு. வேலைக்குப் போய்வரும் சாதாரண ஆளுக்கும் தோட்டம் வேண்டும். அவருக்கு நேரமும் இல்லை, தோட்டக்காரரும் இல்லை. அவருக்கு ஏற்ற செடி எது? ஒருமுறை நட்டால் வருஷா வருஷம் தானாகத் துளிர்க்க வேண்டும். பனியில் சாகக் கூடாது, எளிதில் நோய் வரக் கூடாது, குச்சி வைத்துக் கட்டாமலே நிற்க வேண்டும். இப்படிப் பல்லாண்டுச் செடிகளைச் சேர்த்து, நட்டுப் பார்த்து, தேறாதவற்றைக் கழித்துக்கொண்டே வந்தார். மிஞ்சியதைத்தான் விற்றார்.

1910-ஐ ஒட்டி, போட்ஸ்டாம் அருகே போர்னிம் என்ற ஊரில் விவசாய நிலம் வாங்கி நர்சரியை அங்கே மாற்றினார். வீடு கட்டி, அதைச் சுற்றி ஒரு சோதனைத் தோட்டம் போட்டார். நடுவில் குளம், அதைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் பள்ளத் தோட்டம். வீடும் தொழிலும் ஒரே இடம். டெல்ஃபினியம், ஃப்ளாக்ஸ் பூக்களில் அவர் உருவாக்கிய ரகங்கள் அவருக்குப் பெரிய பேர் வாங்கித் தந்தன. இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். 1920-ல் நண்பர்களோடு சேர்ந்து தோட்டத்துக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார்.

வருஷத்துக்கு ஏழு பருவம்!

நான்கு பருவம் அவருக்குப் போதவில்லை. முன்வசந்தம், வசந்தம், முன்கோடை, உச்சக்கோடை, இலையுதிர்காலம், பின் இலையுதிர்காலம், குளிர்காலம் என்று ஏழாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் தோட்டத்தில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு.

இங்கேதான் சிக்கல். நவம்பர் வந்தால் ஜெர்மனியில் பூ கிடையாது. அந்த வெற்றிடத்தில் நிற்கக்கூடியது எது? புல்! காய்ந்த பிறகும் கதிர் நிற்கும். உறைபனி படிந்தால் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். ஜெர்மனியின் காட்டிலும் மேட்டிலும் கிடந்த புற்கள், ஜப்பான், சீனாவிலிருந்து வந்த மிஸ்கேந்தஸ், அமெரிக்கப் புல்வெளியின் பேனிக்கம் என்று சேர்த்து நட்டுப் பார்த்தார்.

ஹாம்பர்க் தாவரவியல் பூங்காவில் அவர் கண்ணில் பட்டதுதான் பின்னாளில் அவர் பெயரையே தாங்கிய அந்தப் புல். அது அவர் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது இல்லை. இரண்டு காட்டுப் புற்கள் இயற்கையாகக் கலந்து பிறந்தது. தாய் தந்தைப் புற்களில் ஒன்று வேர் ஓடவிட்டு நிலத்தையே பிடித்துக்கொள்ளும் வகை. இதுவோ ஒரே இடத்தில் கொத்தாக அடங்கி நிற்கும். தோட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

நெருக்கடி வந்தபோது...

1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்களின் இனவெறி செடிகளையும் விட்டுவைக்கவில்லை. ஜெர்மன் மண்ணில் ஜெர்மன் செடிதான் இருக்க வேண்டும் என்ற பேச்சு தோட்டக்கலைக்குள்ளும் வந்தது. உலகம் முழுவதிலுமிருந்து செடி சேர்த்து நின்ற மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும்? சுதேசிச் செடிகளை மட்டும் விற்கச் சொன்ன அழுத்தத்துக்கு அவர் பணியவில்லை. தன் யூத நண்பர்களுக்கு நர்சரியில் வேலை கொடுத்து வைத்திருந்தார். உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கக்கூடிய செயல் அது.

1938-40 காலகட்டத்தில், போட்ஸ்டாம் நகரின் நடுவே ஆற்றில் இருக்கும் தீவில், மக்கள் நேரில் வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு செடிக் காட்சித் தோட்டம் அவர் முயற்சியில் உருவானது. சில வருஷங்களிலேயே போர் அதைச் சிதைத்துவிட்டது. 1950-களில் மறுபடி நட்டு எழுப்பினார்கள். 'நட்புத் தீவு' என்று பெயர். இன்றும் இருக்கிறது.

போர் முடிந்தபோது அவருக்கு 71 வயது. போர்னிம் சோவியத் ராணுவத்தின் பகுதிக்குள் வந்தது. பிறகு கிழக்கு ஜெர்மனி ஆனது. தனியார் தொழில்கள் ஒவ்வொன்றாக அரசின் கைக்குப் போன காலம். நினைத்திருந்தால் மேற்கே போயிருக்கலாம். அவர் தன் தோட்டத்தை விட்டு நகரவில்லை. 1957-ல், 83 வயதில், புற்களும் பெரணிகளும் தோட்டத்துக்குள் வந்த கதையைத் தனிப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில், யாரும் கண்டுகொள்ளாத ஒன்றுக்காக வாதாடிக்கொண்டிருந்தார்.

சுவரைத் தாண்டிய புல்

1961-ல் பெர்லின் சுவர் எழுந்தது. அவர் உள்ளே. ஆனா, அவர் புல் ஏற்கெனவே வெளியே! டென்மார்க் போய், அங்கிருந்து 1964-ல் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. கிழக்கு ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த வுல்ஃப்காங் ஓமே போன்ற வடிவமைப்பாளர்கள், வாஷிங்டன் நகரத் தோட்டங்களில் புற்களைக் கூட்டம் கூட்டமாக நட்டார்கள். ஃபோர்ஸ்டரிடம் வேலை கற்ற எர்ன்ஸ்ட் பாகெல்ஸ், மிஸ்கேந்தஸில் புது ரகங்கள் கொண்டுவந்தார். அவரிடமிருந்து செடிகள் வாங்கிப்போனவர்களில் ஒருவர், நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவுக்குச் செடிகளை வடிவமைத்த பீட் ஔடால்ஃப்.

இவற்றில் பெரும்பாலானதை ஃபோர்ஸ்டர் பார்க்கவில்லை. 1970 நவம்பர் 27-ல் போர்னிமில் காலமானார். 2001-ல் அமெரிக்காவின் பெரெனியல் பிளான்ட் அசோசியேஷன், 'கார்ல் ஃபோர்ஸ்டர்' புல்லை அந்த ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்ந்தெடுத்தது.

இதில் ஒரு விஷயம் முக்கியம். அந்தப் புல்லின் விதை முளைக்காது. தூர் பிரித்து நட்டால்தான் உண்டு. அதாவது, யாரோ ஒருத்தர் வெட்டி, இன்னொருத்தர் கையில கொடுத்தாதான் அது அடுத்த ஊருக்கே போகும். உலகம் முழுக்கப் போயிருக்குன்னா, எத்தனை கை மாறியிருக்கும்!

அவர் வழியில் புல் வளர்க்க...

'கார்ல் ஃபோர்ஸ்டர்' குளிர் நாட்டுப் புல். நம்ம சென்னை, மதுரை மொட்டை மாடி வெயிலுக்குச் சரிப்படாது. ஆனா, அதே புல் குடும்பத்தில் நமக்கு வெட்டிவேர் இருக்கு, எலுமிச்சைப்புல் இருக்கு. ரெண்டுமே கொத்தாக வளர்பவை, தூர் பிரித்து நடுபவை. முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

* வாங்கும்போதே கேளுங்க: கொத்தாக நிற்குமா, வேர் ஓடிப் பரவுமா? பரவும் வகை என்றால் தொட்டிதான் பாதுகாப்பு.

* தொட்டி ஆழமாக இருக்கட்டும், அடியில் ஓட்டை அவசியம். புல் வேர் சீக்கிரமே தொட்டியை நிறைத்துவிடும். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, தூர் பிரித்து, புது மண்ணில் வையுங்க.

* உரத்தை அள்ளிக் கொட்டாதீங்க. அதிக உரம் போட்டால் புல் கொழுகொழுவென வளர்ந்து சாய்ந்துவிடும்.

* நல்ல வெயில் வேண்டும். காலை அல்லது மாலை வெயில் பின்னாலிருந்து விழும் இடத்தில் வைத்தால் இலையும் கதிரும் ஒளிரும்.

* குளிர் நாடுகளில் காய்ந்த புல்லை உடனே வெட்ட மாட்டார்கள். குளிர்காலம் முழுக்க நிற்கவிட்டு, புதுத் துளிர் வருவதற்குச் சற்று முன்பு, கட்டாகக் கட்டி அடியோடு அறுப்பார்கள்.

போர்னிமில் அந்த வீடும் பள்ளத் தோட்டமும் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. பூக்கும் காலத்தில் போனால் அவர் உருவாக்கிய டெல்ஃபினியம் நீலத்தைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் போனால், பூ எல்லாம் போன பிறகும் புல் மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

அடுத்த முறை தொட்டியில தெரியாத புல் ஒண்ணு முளைச்சா, உடனே பிடுங்காதீங்க. ஒரு வாரம் விட்டுத்தான் பாருங்களேன்!