வீல்சேரில் அமர்ந்து ஆபரேஷன் செய்தவர்: யார் இந்த டாக்டர் மேரி வர்கீஸ்?

விபத்தில் முதுகுத்தண்டு அடிபடுகிறது. உயிர் பிழைத்தாச்சு. ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அடுத்து என்ன?

1950-களில் இந்தியாவில் இந்தக் கேள்விக்கு மருத்துவமனைகளிடம் பெரிதாகப் பதில் எதுவும் இருக்கவில்லை. காயம் ஆறியதும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே கட்டிலில் படுத்தே இருப்பார். சில மாதங்களில் படுக்கைப் புண் வரும், சிறுநீரகத்தில் தொற்று வரும். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இரண்டாம் உலகப் போர் வரைக்கும் மேலை நாடுகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

இந்தக் கேள்விக்கு வேலூரில் ஒரு பதிலைக் கட்டி எழுப்பியவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவரே அந்த நிலையில் இருந்தவர் என்பதுதான் விசேஷம்.

1954-ல் என்ன நடந்தது?

மேரி 1925-ல் கொச்சி அருகே செராய் என்ற ஊரில் பிறந்தவர். மருத்துவம் படிக்க வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். படிப்பை முடித்து அங்கேயே பணியாற்றினார். மகப்பேறு மருத்துவர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1954-ல் சக டாக்டர்களோடு வெளியே போன வாகனம் விபத்தில் சிக்கிக் கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம், முதுகுத் தண்டுவடத்திலும் அடி. முகத்தில் தழும்பு நிரந்தரமானது. கால்கள் திரும்பவே இல்லை. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகியிருக்கவில்லை.

நின்றபடி பிரசவம் பார்க்க முடியாது. அந்தக் கனவு அங்கேயே முடிந்தது. டாக்டராக இனி ஏதாவது செய்ய முடியுமா என்பதே சந்தேகமாகிவிட்டது. மாதக்கணக்கில் படுக்கை. நேராக உட்கார வைப்பதற்கே ஆபரேஷன்கள் தேவைப்பட்டன.

இந்த இடத்தில் பால் பிராண்ட் வருகிறார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர், லண்டனில் படித்து 1946-ல் வேலூருக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர். அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. மேரிக்குப் போனது கால்கள். கைகளும் மூளையும் அப்படியே இருக்கின்றன. உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய ஆபரேஷன் ஒன்று உண்டு, அது கை அறுவை சிகிச்சை. கை நிபுணர்கள் பலரும் எப்படியும் ஸ்டூலில் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார்கள். அந்த ஸ்டூலுக்குப் பதில் வீல்சேர் இருந்தால் என்ன?

மடங்கிப்போன விரல்கள்

அது யாருக்கான கை ஆபரேஷன் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். தொழுநோயாளிகளுக்கு. அந்தக் காலத்தில் பொது மருத்துவமனைகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே தயங்கின.

தொழுநோய்க் கிருமி முக்கியமாகத் தாக்குவது தோலையும் நரம்புகளையும். கையில், முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு (இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அதேதான்) கெட்டுப்போனால், உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள் செயலிழக்கும். விரல்களை அடியில் மடக்கி நுனியில் நீட்டுவது அந்தத் தசைகளின் வேலை. அவை போனதும் விரல்கள் பறவையின் நகம்போல மடங்கிக்கொள்கின்றன. டம்ளரைப் பிடிக்க முடியாது, சோற்றைப் பிசைய முடியாது, சட்டைப் பொத்தானைப் போட முடியாது.

ஆனால் முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் பல பிழைத்திருக்கும். 1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், மடங்கிய கை ஒன்றைக் குலுக்கியபோது அதில் இருந்த பிடியின் பலத்தை உணர்ந்து அசந்துபோனார். பலம் இருக்கிறது, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் வழியை மாற்றிப் போட்டால்?

இதுதான் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை. தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்க் கயிறுதான் தசைநாண். போலியோவால் முடங்கியவர்களுக்கு ஏற்கெனவே செய்யப்பட்ட முறைதான், பிராண்ட் அதைத் தொழுநோய்க்குக் கொண்டுவந்தார். பிழைத்திருக்கும் தசை ஒன்றின் நாணை அதன் இடத்திலிருந்து எடுத்து விரல்களுக்குத் திருப்பிவிடுவார்கள். நீளம் போதவில்லையா? கெண்டைக்காலில் மெல்லிய நீளமான நாண் ஒன்று உண்டு, அதை எடுத்தாலும் நடையில் பெரிய குறை வராது. அதை உருவி, நான்காகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோவார்கள். மணிக்கட்டை அசைத்துக்கொண்டிருந்த தசை இனி விரல்களை அசைக்கும்.

சொல்ல சுலபம். தசைநாண் ஒரு முரட்டுத்தனமும் தாங்காத பொருள். கருவி கொஞ்சம் அழுத்தமாகப் பட்டாலும், ஆறும்போது தழும்புத் திசு வளர்ந்து நாணைப் பக்கத்துச் சதையோடு ஒட்டிவிடும். ஒட்டிய நாண் வழுக்கி ஓடாது. ஆபரேஷன் ‘வெற்றி’, விரல் மட்டும் அசையாது!

தைத்த இடம் பிடித்துக்கொள்ள சுமார் 3 வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகுதான் பாதி வேலையே ஆரம்பம். மணிக்கட்டை அசைத்த தசைக்கு இப்போது விரலை அசைக்கும் வேலை என்பதை மூளைக்குப் புரிய வைக்க வேண்டும். அது பிசியோதெரபிஸ்டும் நோயாளியும் சேர்ந்து தினமும் செய்யும் பயிற்சி. இன்னொரு எதிரியும் உண்டு. நெடுநாள் அசையாத மூட்டைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு சுருங்கி இறுகிவிடும். அதை முன்கூட்டியே நீவி, நீட்டி, பிளவுக்கட்டை வைத்துத் தளர்த்தாவிட்டால் எவ்வளவு நல்ல ஆபரேஷனும் வீண்.

மேரி இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். வீல்சேரில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரும் தொடத் தயங்கும் கையைப் பிடித்துப் பார்க்கும் டாக்டர், தானே நடக்க முடியாதவர், முகத்தில் தழும்போடு இருப்பவர். வார்டில் அதிகம் பேச வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

ஆபரேஷனோடு முடிகிற விஷயமா?

இல்லை. வேலூரில் இதை டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நோயாளிகள்தான். விரல்கள் நிமிர்ந்த சிலர் கொஞ்ச நாளில் திரும்பி வந்தார்கள், புகாரோடு. முன்பு மடங்கிய கையைப் பார்த்து மக்கள் பிச்சை போட்டார்கள், இப்போது போடுவதில்லை. கை சரியானாலும் தொழுநோயாளி என்பதால் வேலையும் தருவதில்லை. அதாவது, ஆபரேஷன் அவர்களுடைய வருமானத்தைக் கெடுத்துவிட்டது! இதன் பிறகுதான் தச்சு வேலை போன்ற கைத்தொழில்களைக் கற்றுத்தரும் சிறு குடியிருப்பு ஒன்று சி.எம்.சி. வளாகத்தில் உருவானது.

மறுவாழ்வு என்ற சொல்லுக்கு அர்த்தம் இங்கேதான் கிடைக்கிறது. உடலைச் சரிசெய்வது ஒரு பகுதி. அந்த உடலோடு வீடு திரும்பி, கழிப்பறைக்குப் போய், சம்பாதித்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வர முடிவது மீதிப் பகுதி.

மேரி தன் விஷயத்திலும் இதைப் படித்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் முதுகுத்தண்டு பாதித்தவர்களுக்கான சிகிச்சையும் பயிற்சியும் எடுத்துக்கொண்டார். கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தானே மாறுவது, தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வது என எல்லாமே கற்றுக்கொள்ளக் கூடியவை என்பது அங்கே தெரிந்தது. அடுத்து நியூயார்க். போரில் காயம்பட்ட விமானப்படையினருக்குச் சிகிச்சை கொடுத்த அனுபவத்திலிருந்து மறுவாழ்வு மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்த ஹோவர்டு ரஸ்க் நடத்திய மையத்தில் படித்தார். கை அறுவை சிகிச்சையில் பெயர் வாங்கிய ஒருவர், வீல்சேரோடு கடல் கடந்து இன்னொரு துறையை முதலிலிருந்து படிப்பது லேசான முடிவு இல்லை.

1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி, அங்கே உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில் உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது.

இந்த மையத்தைப் பற்றிச் சொல்லும்போது பலரும் ‘தன்னம்பிக்கை’ என்ற ஒரே வார்த்தையில் மேரியை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம்பிக்கை மட்டும் படுக்கைப் புண்ணைத் தடுக்காது. உணர்வு இல்லாத தோலில் எடை ஒரே இடத்தில் அழுத்தினால் ரத்த ஓட்டம் நின்று திசு செத்துப்போகும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். வீல்சேரில் இருப்பவர் அவ்வப்போது கைகளை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். சிறுநீர்ப்பையை நேரத்துக்குக் காலி செய்ய வேண்டும். மூட்டுகளை யாராவது தினமும் அசைத்துக் கொடுக்க வேண்டும். கைத் தசைகளுக்கு வலு ஏற்ற வேண்டும், ஏனென்றால் இனி கால்களின் வேலையையும் அவைதான் பார்க்கப் போகின்றன. அலுப்பூட்டும் பட்டியல்தான். ஆனால் ஆளைக் காப்பாற்றுவது இதுதான். இதையெல்லாம் செய்ய மருத்துவர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், செயற்கை உறுப்பு செய்பவர், தொழில் பயிற்சி கொடுப்பவர் என்று ஒரு குழுவே தேவை. அந்தக் குழுவை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததுதான் மேரியின் சாதனை என்று நினைக்கிறேன்.

1963-லேயே டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் இவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிவிட்டார். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் மேரி காலமானார்.

அவர் தொடங்கிய வேலையில் இன்னும் மிச்சம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம், அணுகக்கூடிய கழிப்பறை எல்லாம் அதில் உண்டு. உங்கள் ஆபீஸ் வாசலில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று நாளைக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பாகாயம் மையம் இன்றும் இயங்குகிறது. அங்கே பயிற்சி முடித்து ஊர் திரும்பியவர்களுக்காக ‘ரீஹேப் மேளா’ என்ற ஒன்றுகூடல் நடக்கிறது. வீல்சேரில் வருகிறார்கள், குடும்பத்தோடு வருகிறார்கள். உடல் பரிசோதனை ஒரு பக்கம், விளையாட்டுப் போட்டி இன்னொரு பக்கம்.