கைவிளக்கேந்திய காரிகையும் அவரது பூனைகளும்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் நம் மனக்கண்முன் ஒரு விளக்குத்தான் வந்து நிற்கிறது. இருண்ட வைத்தியசாலைக் கூடத்தில், காயமுற்ற படைவீரர்களின் கட்டில்களுக்கிடையே, கையில் விளக்குடன் நடந்து செல்லும் ஒரு பெண். சின்ன வகுப்புகளிலேயே நாம் அறிந்துகொண்ட சித்திரம் அது. அவர் பிறந்த மே 12ஆம் திகதியே இன்று உலகத் தாதியர் தினமாகவும் கொண்டாடப்படுகிறது.

ஆனால், அந்த விளக்குடன் அவர் நடந்த காலம் மிகக் குறுகியது. 1854 நவம்பரில் துருக்கி சென்றடைந்த அவர் 1856 ஜூலையில் அங்கிருந்து புறப்பட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதன் பின்னர் அவர் வாழ்ந்ததோ 54 ஆண்டுகள். அவற்றில் நீண்டதொரு பகுதியைக் கட்டிலிலும் சாய்விருக்கையிலும் ஒரு நோயாளியாகவே கழித்தார். பிறரின் படுக்கையருகே விழித்திருந்தவர், தாமே படுக்கையில் கிடந்து நாட்களை எண்ண வேண்டியவரானார். அந்த நாட்களில் அவருக்குத் துணையாக இருந்தவை பூனைகள்.

புளோரன்ஸ் 1820ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். செல்வமும் கல்வியும் நிறைந்த ஆங்கிலக் குடும்பம் அது. கிரேக்கம், இலத்தீன், கணிதம் என்று தந்தையே மகளுக்குக் கற்பித்தார். சிறு வயதிலிருந்தே உயிரினங்கள்மீது அவருக்குத் தனிப் பற்று இருந்தது. மேய்ப்பன் ஒருவனுடைய நாயின் கால் கல்லெறிபட்டு வீங்கிவிட, இனி அது பிழைக்காது என்று அவன் அதைக் கொல்லத் துணிந்ததாகவும், சிறுமி புளோரன்ஸ் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அதைக் காப்பாற்றியதாகவும் சொல்லப்படும் கதையைப் பலரும் அறிவர்.

1850ஆம் ஆண்டு கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகருக்குச் சென்றிருந்தபோது, பார்த்தெனோன் கோயில் இடிபாடுகளருகே கூட்டிலிருந்து விழுந்த ஓர் ஆந்தைக் குஞ்சைச் சிறுவர்கள் சிலர் துன்புறுத்திக்கொண்டிருந்தனர். அதை அவர்களிடமிருந்து மீட்டு, அதீனா என்று பெயரிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார் புளோரன்ஸ். தமது சட்டைப் பையிலேயே அதை வைத்துக்கொண்டு போகுமளவுக்கு அதனோடு நெருக்கமானார். 1854 ஒக்டோபரில் கிரைமியப் போருக்குச் செல்லும் பரபரப்பில் வீட்டார் அந்த ஆந்தையைக் கவனியாது விட்டனர். புறப்படும் வேளையில் அது இறந்துபோனது. எத்தனையோ பேரின் எதிர்ப்புக்குக் கலங்காது நின்ற அவர், அந்தச் சிறு பறவைக்காகக் கண்ணீர் விட்டார். பதப்படுத்தப்பட்ட அதன் உடலை இலண்டனிலுள்ள அவரது நினைவு அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

அந்தத் துயரோடுதான் அவர் 38 தாதியருடன் இஸ்தான்பூல் நகரின் உஸ்குதார் பகுதிக்குச் சென்றார். துருக்கியரின் பெரியதொரு படைமுகாம் அங்கே ஆங்கிலேயரின் வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. அங்கே காயத்தைவிட, அழுக்கும் நெருக்கடியும் தொற்றுநோயுமே கூடுதலான உயிர்களைக் குடித்தன. அந்த நிலையை மாற்ற அவர் பட்ட பாட்டை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். 1855 மே மாதத்தில் பாலக்லாவா என்ற இடத்தைப் பார்வையிடச் சென்றபோது அவரையே கடுங்காய்ச்சல் பற்றிக்கொண்டது. பிழைப்பாரோ மாட்டாரோ என்ற நிலை. பிழைத்தார், ஆனால் பழைய உடல் திரும்பக் கிடைக்கவில்லை. விலங்குகளிடமிருந்து, பெரும்பாலும் காய்ச்சாத பால் வழியாக, மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லா நோயே அது என இக்கால மருத்துவர் சிலர் கருதுகின்றனர். அன்று அந்தக் கிருமியை யாரும் அறிந்திருக்கவில்லை. அதற்கு மருந்தும் இருக்கவில்லை.

நாடு திரும்பியவர் ஓய்வெடுக்கவில்லை. இறந்த வீரர்களின் முகங்கள் அவரை உறங்கவிடவில்லை. இராணுவச் சுகாதாரத்தைச் சீர்திருத்துவதற்காக இரவு பகலாக உழைத்தார். 1857 ஓகஸ்ட்டில் உடல் முற்றாக ஒடிந்து விழுந்தார். மூச்சுத்திணறல், நெஞ்சுப் படபடப்பு, உணவைக் கண்டாலே குமட்டல். அப்போது அவருக்கு வயது 37. இனி அதிக நாட்கள் இல்லை என்று அவரும் நம்பினார், சுற்றியிருந்தோரும் நம்பினர். தமது மரணத்தின்பின் செய்ய வேண்டியவற்றைக்கூட எழுதி வைத்தார். ஆனால் மரணம் வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது நீண்ட நோய்.

திடீரென்று வரும் நோய்க்கு வீடே திரண்டு நிற்கும். பழமும் பிஸ்கட்டுமாக உறவினர் வந்து குவிவர். நாட்பட்ட நோய்க்கு அப்படியில்லை. மாதங்கள் செல்லச் செல்ல வருவோர் குறைவர். நலம் விசாரிக்கும் குரலில் சலிப்புத் தட்டும். நைட்டிங்கேலுக்கும் அதுவே நேர்ந்தது. தாய்போல் உடனிருந்து கவனித்த அத்தை, 1860இல் தம் சொந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்று விடைபெற்றுப் போனார். அதைத் தாங்கமாட்டாத புளோரன்ஸ் பல ஆண்டுகள் அவருடன் மனத்தாங்கலோடு இருந்தார். 1861 ஓகஸ்ட்டில், சீர்திருத்தப் பணியில் தோளோடு தோள் நின்ற அமைச்சர் சிட்னி ஹெர்பட் காலமானார். அதே ஆண்டு நவம்பரில், எழுத்துப் பணிகளில் உதவிய கவிஞர் ஆதர் ஹியூ கிளப் மறைந்தார். அவ்வாண்டின் முடிவில் அவரது முதுகெலும்பையும் நோவு தாக்கியது. எழுந்து நடக்க முடியவில்லை. சில ஆண்டுகள் அவரை அறைக்கு அறை தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது.

1865இல் இலண்டன் சவுத் ஸ்ட்ரீட்டிலுள்ள ஒரு வீட்டுக்குக் குடிபோனார். இறுதிவரை அதுவே அவரது வீடு. திரைச்சீலை இல்லாத யன்னல்கள், வெளிச்சம் நிறைந்த அறை, எப்போதும் பூக்கள். பார்க்க வருவோர் முன்கூட்டியே நேரம் பெற்று, ஒவ்வொருவராகவே வர வேண்டும். பேச்சு அவரைக் களைப்படையச் செய்தது. அதனால் ஒரே வீட்டில் இருந்தவர்களோடும் சிறு துண்டுக் கடிதங்கள் மூலமாகவே அவர் பேசியதுண்டு. மனிதர் பலருக்கு மூடியிருந்த அந்த அறையின் கதவு பூனைகளுக்குத் திறந்திருந்தது.

நீண்ட மயிருடைய பாரசீகப் பூனைகளே அவருக்கு மிக விருப்பமானவை. அவற்றுக்கு அவர் வைத்த பெயர்கள் வேடிக்கையானவை. ஜேர்மனியின் இரும்பு மனிதர் பிஸ்மார்க்கின் பெயர் ஒன்றுக்கு. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எதிரெதிரே நின்று மோதிக்கொண்ட கிளாட்ஸ்டனும் டிஸ்ரேலியும்கூட அவரது பூனைக் கூட்டத்தில் இடம் பிடித்தனர். அவர் எழுதிக்கொண்டிருக்கையில் அவை கடதாசிகளின்மீது நடக்கும்; மடியில் படுக்கும்; தோளில் ஏறும். மைபட்ட பாதங்களோடு அவை நடந்த தடங்கள் அவரது கடிதங்கள் சிலவற்றில் இன்றும் அழியாமல் இருக்கின்றன. குட்டிகளை நண்பர்களுக்குக் கொடுக்கும்போது, எதை உண்ணக் கொடுப்பது, எப்படிப் பராமரிப்பது என்று விரிவான குறிப்புகளும் எழுதிக் கொடுத்தனுப்புவார். வைத்தியசாலைகளுக்கு விதிமுறை எழுதிய அதே கை பூனைக்குட்டிகளுக்கும் விதிமுறை எழுதியது.

இதனை முதுமையில் வந்த ஒரு செல்லப் பொழுதுபோக்கு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. நோயாளருக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் ஆழ்ந்து சிந்தித்திருந்தார். 1860இன் தொடக்கத்தில் வெளிவந்த அவரது தாதியியல் குறிப்புகள் என்ற நூல் ஒரு மாதத்திற்குள் 15,000 பிரதிகள் விற்பனையானது. வைத்தியருக்கோ பயிற்சி பெற்ற தாதிக்கோ எழுதப்பட்ட நூலல்ல அது. வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் சாதாரணப் பெண்களுக்காகவே எழுதப்பட்டது. தூய காற்று, வெளிச்சம், சுத்தம், அமைதி என்பவற்றோடு, நோயாளியின் மனத்தைப் பற்றியும் அதில் அவர் நிறையவே பேசுகிறார்.

மாதக் கணக்கில் ஒரே சுவரையும் ஒரே கூரையையும் பார்த்துக் கிடப்பவரின் வேதனையை, உடல்நலம் உள்ளவர்களால் கற்பனை செய்யவும் முடியாது என்கிறார். ஒரு கொத்து வண்ணப் பூக்கள் காய்ச்சற்காரரின் முகத்தில் கொண்டுவரும் மலர்ச்சியைத் தாம் கண்டதையும் நினைவுகூருகிறார். நெடுநாள் நோயாளருக்கு ஒரு சிறு வளர்ப்புப் பிராணி நல்ல தோழன் என்றும், ஒரே அறைக்குள் ஆண்டுக் கணக்காய் அடைபட்டோருக்குக் கூட்டிலுள்ள ஒரு பறவையே சில வேளைகளில் ஒரேயொரு இன்பமாக அமையும் என்றும் எழுதுகிறார். அடுத்து அவர் சொல்வதுதான் மிக முக்கியமானது. அந்தப் பிராணிக்கு உணவூட்டவும், அதன் இடத்தைச் சுத்தம் செய்யவும் நோயாளியால் இயலுமானால், அதை அவரே செய்யும்படி ஊக்கப்படுத்த வேண்டும் என்கிறார்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு எல்லாவற்றையும் பிறரே செய்கிறார்கள். உண்ணக் கொடுப்பதும், உடுப்பு மாற்றுவதும், மருந்து தருவதும் பிறர். நாள் முழுவதும் வாங்கிக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு, தாம் யாருக்கும் பயனற்றவர் என்ற எண்ணம் மெல்ல மெல்ல வேர்விடுகிறது. நோயைவிட அது கொடியது. ஒரு பூனைக்குட்டி பசியோடு வந்து கட்டிலருகே கத்தும்போது, அந்த நோயாளி மீண்டும் ஒருவருக்குத் தேவைப்படுகிறார். கையைத் தூக்கி ஒரு கிண்ணத்தில் பால் ஊற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சிறு அசைவில் அவரது நாள் தொடங்குகிறது.

அதே நூலில், நோயாளியைப் பார்க்க வருவோரை நைட்டிங்கேல் சற்றுக் கடுமையாகவே கண்டிக்கிறார். உண்மை நிலையை அறியாமல் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிச் செல்வோரும், ஆளுக்கொரு மருந்தையும் ஆலோசனையையும் அள்ளி வழங்குவோரும் நோயாளியை மேலும் களைப்படையச் செய்கின்றனர் என்பது அவரது கருத்து. தாதியின் பராமரிப்பைவிட நாயின் துணையே தமக்கு மேலாகத் தோன்றியது, முக்கியமாக அது பேசாமல் இருந்தது என்று ஒரு நோயாளி சொன்னதையும் அவர் அங்கே சுவையாகக் குறிப்பிடுகிறார். பூனையும் அப்படித்தான். இன்று எப்படி இருக்கிறது என்று கேட்டு நச்சரிக்காது. நேற்றைவிட மெலிந்துவிட்டதாகச் சொல்லிக் கலங்க வைக்காது. பக்கத்தில் வந்து சுருண்டு படுக்கும், அவ்வளவுதான்.

பூனைகள் அவரது நோயைக் குணப்படுத்திவிடவில்லை. ஆனால் அந்தத் துணையோடு, அந்தக் கட்டிலிலிருந்தே அவர் செய்து முடித்தவை வியப்பூட்டுகின்றன. நூல்கள், அறிக்கைகள், சிறு வெளியீடுகள் என்று ஏறத்தாழ 200. அவற்றுக்கு மேலாகப் பல்லாயிரம் கடிதங்கள். 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவரது பெயரால் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பமானது. இந்தியாவுக்கு ஒரு நாளேனும் செல்லாமலேயே, அங்குள்ள படைமுகாம்களிலிருந்து விபரங்களைத் திரட்டி, 1863இல் வெளிவந்த சுகாதார ஆணைக்குழு அறிக்கைக்கு உயிர் கொடுத்தார். இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படைவீரரிடையே ஆயிரத்துக்கு 69 ஆக இருந்த மரண வீதம், பத்தாண்டுகளில் 18 ஆகக் குறைந்தது. பின்னர் இந்திய விவசாயிகளின் பஞ்சத்தைப் பற்றியும் நீர்ப்பாசனத்தைப் பற்றியும் அவர் தொடர்ந்து எழுதினார். அந்தப் பக்கங்களை எழுதிய மேசையில்தான் பிஸ்மார்க்கும் அவனது கூட்டமும் உலாவின.

அறுபது வயதைக் கடந்தபின் நோயின் கடுமை தணிந்தது. அவரது சுபாவமும் கனிந்தது. 1901 அளவில் பார்வை போய்விட்டது. 1907இல் பிரித்தானிய அரசின் ஓடர் ஒப் மெரிற் விருதைப் பெற்ற முதற் பெண்மணியானார். 1910 ஓகஸ்ட் 13இல், தொண்ணூறாவது வயதில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அவரது விருப்பப்படி ஆடம்பரமின்றி அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் அவரது முழுப்பெயர்கூட இல்லை. பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த திகதிகளும் மட்டுமே உள்ளன.

சகோதரிகளே, நம் வீடுகளிலும் நாட்பட்ட நோயோடு படுத்திருக்கும் ஒரு பாட்டியோ, பெரியம்மாவோ, சில வேளை நம் வயதொத்த ஒரு தங்கையோ இருக்கக்கூடும். மருந்து வேளைக்கு மருந்து கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். இழுப்பு நோய் உள்ளவருக்கும், ஆறாத புண் உள்ளவருக்கும் பிராணிகள் பொருந்தாமல் போகலாம்; அதை வைத்தியரிடம் கேட்டறிந்துகொள்வது பெற்றோரின் பொறுப்பு. பூனை இயலாதெனில் யன்னலோரம் ஒரு பூச்சாடி வைக்கலாம். மதிலில் வந்தமரும் குருவிகளுக்குத் தூவ ஒரு பிடி அரிசியைப் பாட்டியின் கையிலேயே கொடுக்கலாம். நாம் தூவிவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்தான். ஆனால் அந்தக் கை நடுங்கி நடுங்கித் தூவட்டும். பாதி அரிசி பாயில் சிந்தினாலும் பரவாயில்லை. கூட்டிக்கொள்ள நாம் இருக்கிறோம்.