பால் ராப்சன்: வேடங்களை மறுத்த நடிகர்

பால் ராப்சனை நம்மில் பலர் பாடகராகவே அறிவோம். மிசிசிப்பி ஆற்றைப் பாடிய அந்த ஆழ்ந்த குரலின் புகழில் அவருடைய நடிப்பு வாழ்வு மறைந்துவிட்டது. எந்த வேடத்தை ஏற்பது, எந்த அரங்கில் நிற்பது என்பதையும் உரிமைப் போராட்டத்தின் பகுதியாகக் கருதிய கலைஞர் அவர்.

1898ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து மதபோதகரானவர். உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் பயின்ற ராப்சன், 1923இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். பணிக்குச் சேர்ந்த அலுவலகத்தில், கறுப்பர் சொல்வதைக் குறிப்பெடுக்க வெள்ளையினச் சுருக்கெழுத்தாளர் மறுத்தார். பட்டம் பெற்ற பின்னும் சாதி தொடர்வதை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ராப்சன் சட்டத்தொழிலைத் துறந்து மேடைக்கு வந்தார்.

1924இல் யூஜின் ஓநீலின் நாடகங்கள் அவருக்குப் பெயர் தேடித் தந்தன. 1930இல் லண்டனில் ஒதெல்லோவாக நடித்தார். திரைப்படத்தில் அவருக்கு வேறு அனுபவம் காத்திருந்தது. ஆப்பிரிக்கப் பண்பாட்டை மதிப்புடன் காட்டும் என நம்பி நடித்த ‘சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்’ 1935இல் வெளிவந்தபோது, பிரிட்டிஷ் காலனியாட்சியின் புகழையே பாடியது. அப்படத்தை அவர் வெளிப்படையாகவே நிராகரித்தார். வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களோடு தோள்சேரும் கறுப்பினத் தொழிலாளியாக 1940இல் ‘தி பிரவுட் வேலி’யில் நடித்தது அவருக்கு நிறைவளித்தது. 1942இல் வெளியான ‘டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்’ கறுப்பின உழவர்களை இழிவாகச் சித்திரித்ததைக் கண்டித்து ஹாலிவுட்டை விட்டே விலகினார்.

1943இல் பிராட்வேயில் அவரது ஒதெல்லோ அரங்கேறி 296 காட்சிகள் நடந்தது. ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அங்கு அதுவரை அவ்வளவு நாள் ஓடியதில்லை. பின்னர் ஊர் ஊராகச் சென்றபோது, பார்வையாளரை நிறவாரியாகப் பிரித்து அமர்த்தும் அரங்குகளில் நடிக்க மறுத்தார்.

நிறவெறிக் கொலைகளையும் காலனியாட்சியையும் எதிர்த்துப் பேசிய அவரது கடவுச்சீட்டை 1950இல் அமெரிக்க அரசு பறித்தது. உள்நாட்டு அரங்குகளும் கதவடைத்தன. 1957இல் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகவே வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாடினார். சோவியத் ஒன்றியத்தின் மீது கொண்ட பற்றால் ஸ்டாலின் கால அடக்குமுறையை அவர் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1958இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்றின் பயனாய்க் கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது. மறுஆண்டு இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு மேடையில் மீண்டும் ஒதெல்லோவாக நின்றார். 1976இல் பிலடெல்பியாவில் மறைந்தார்.

ஒடுக்கப்பட்டோர் திரையில் தோன்றினாலே போதும் என்று சொல்லப்படும்போது, 1935ஆம் ஆண்டுப் படத்தை நாம் நினைவுகொள்ள வேண்டும். அதில் ராப்சனுக்கு முக்கிய வேடம் கிடைத்தது. ஆனால் கதையும் படத்தொகுப்பும் வேறு கைகளில் இருந்தன. அக்கைகளில் நம் கைகளும் சேரும் வரை, மறுக்கும் துணிவு நம் கலைஞர்களுக்கு வேண்டும். மறுத்து வருவோரைத் தாங்கும் மேடைகளை அமைப்பது நம் கடமை.