இசைத்தட்டில் ஒலித்த கொங்குக் குரல்

நம் ஊர்ப் பனியன் கடல் கடந்து போவதை நாம் அறிவோம். அதற்கும் முன்பே கொங்கு மண்ணின் குரலொன்று கடல் கடந்து சென்றதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அக்குரலுக்கு உரியவர் கோயமுத்தூர் தாயி.

1872ஆம் ஆண்டு பிறந்த அவருடைய இயற்பெயர் பழனிக்குஞ்சரம். திருப்பூரும் கோவை மாவட்டத்தில் அடங்கியிருந்த காலம் அது. ஆடலையும் பாடலையும் தொழிலாகக் கொண்ட தேவதாசி மரபில் வந்தவர் அவர். பின்னர் சென்னையில் குடியேறிப் பாடகியாகப் பெரும்புகழ் பெற்றார்.

கிராமபோன் கம்பெனியார் 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவைத் தொடங்கினர். சில ஆண்டுகளில் சென்னைக்கும் வந்தனர். புதிய கம்பெனி, புரியாத இயந்திரம். இயந்திரத்தில் பாடினால் குரல் போய்விடும் என்று அஞ்சியோரும் உண்டு. குடும்பப் பெண்கள் பொதுவில் பாடுவதே இழிவெனக் கருதப்பட்ட நாளில், துணிந்து முன்வந்தோர் தாயியின் மரபுப் பெண்களே.

அன்று மைக் கிடையாது. பெரிய புனலின் முன் உரத்த குரலில், ஏறக்குறைய மூன்றே நிமிடங்களில் பாடி முடிக்க வேண்டும். மணிக்கணக்கில் விரித்துப் பாடும் இசையை அந்தச் சிமிழுக்குள் அடக்கிக் காட்டினார் தாயி. 1908இல் கல்கத்தாவில் ஆலை ஏற்படும்வரை, இங்கே பதிந்த பாட்டு ஜெர்மனியில் அரக்குத் தட்டாக வார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது. செல்வர் மாளிகையிலும் கோயிலிலும் ஒலித்த குரல் இவ்வாறு மற்றவர் செவிக்கும் எட்டியது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் 1912ஆம் ஆண்டளவில் இந்தியாவிற்கு வந்தார். வள்ளலாரின் அருட்பாவைத் தாயி பாடிய இசைத்தட்டு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனைத் தழுவிப் பியானோவிற்கென ஓர் இசைப்படைப்பை ஆக்கி, 'ராகமாலிகா' என்றே பெயரிட்டார். தாளவாத்திய ஒலியைக் கொணர, பியானோத் தந்தியின் அடியில் அட்டைத்துண்டு வைக்கும்படியும் அதில் குறித்தார். கருவியையே மாற்றியமைக்கத் தூண்டிய குரல் அது!

தாயி 1917இல் மறைந்தார். அவருக்கு வயது 45தான். அவர் பிறந்த மரபைச் சமூகம் தாழ்வாகவே பார்த்தது; அம்மரபினரின் கலையை மட்டும் ஏற்றுக்கொண்டது. தாயியோ தம் பெயரையும் ஊர்ப்பெயரையும் சேர்த்தே உலகறியச் செய்தார். நாம் தைத்தனுப்பும் பனியனில் பிறர் பெயர் இருக்கும். அவர் தட்டில் நம் கோவையின் பெயர் இருந்தது.

நண்பர்களே, பழைய வீட்டுப் பரணில் அரக்குத் தட்டு ஏதேனும் கண்டால், எடைக்குப் போடுமுன் நடுவிலுள்ள பெயரை ஒருமுறை படித்துப் பாருங்கள்.